ஆறாவது பாட்டில் ஒரு கீச்சு

ஏழு வருடம் தம்பியின் பாட்டுக் குழுவை ஒலிப்பதிவு செய்த அக்கா, அந்தக் குழு மேடையில் பாடி ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். காரணம் என்னவோ சாதாரணமானதுதான். கூடத்தில் உட்கார்ந்தால் மேடையிலிருந்து வரும் சத்தம் நேராகக் காதில் விழும். மைக் எதைக் கேட்கிறது என்று தெரியாது. பெரிய கம்பெனிக்காரர்களுக்குக் கண்ணாடி வைத்த தனி அறை உண்டு. அக்காவுக்குக் கிடைத்ததெல்லாம் கதவு சாத்தக்கூடிய ஏதாவது ஒரு மூலை. துடைப்பம் வைக்கும் அறை, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பொந்து, ஒரு தடவை பெண்கள் கழிப்பறை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டி, மடியில் பதிவுக் கருவியை வைத்துக்கொள்வாள். அங்கே தம்பி குதிக்கிறானா, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறானா, ஒன்றும் தெரியாது. எந்த இடத்தில் மூச்சு இழுக்கிறான் என்பது மட்டும் தெரியும்.

கச்சேரி முடிந்ததும் அவன் வந்து கதவைத் தட்டுவான்.

"வந்துச்சா அக்கா?"

"வந்துச்சு."

கூட்டம் கைதட்டியதா, எத்தனை பேர் வந்தார்கள், அதெல்லாம் அப்புறம். முதல் கேள்வி இதுதான். ஏழு வருடமும் மாறாத கேள்வி.

மூச்சைக் கேட்பதுதான் அவளுடைய உண்மையான தொழில். முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு உதவியாளர். இரண்டு வருடம் முறையாகப் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். பதினாறு படுக்கை கொண்ட வார்டு. காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு மணி வரை. புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது, ஊட்டுவது, திட்டு வாங்குவது. இருமலைக் கேட்டே எந்தப் படுக்கை என்று சொல்லிவிடுவாள். வறட்டு இருமல் மூன்றாம் படுக்கை. சளி கட்டியது பதினொன்று. ஒன்றுமில்லாத இருமல் எட்டு. எட்டாம் படுக்கை ஐயா முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். ஹாரன் அடித்த கை சும்மா இருக்காமல் தொண்டைக்கு மாறிவிட்டது. யாரும் கவனிக்கவில்லையென்றால் ஒரு இருமல். கவனித்தும் வரவில்லையென்றால் இரண்டு.

அதற்கு முன்னால் வீட்டிலும் இதே வேலைதான். அம்மா நாலு வருடம் படுத்த படுக்கை. தம்பி பத்து வயது இளையவன், அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தான். நடுவில் அக்காவுக்குக் கல்யாணம் என்று ஒன்று நடந்தது. ஒன்றரை வருடத்தில் அந்த மனிதர், "உங்கம்மாவா, நானா?" என்று கேட்டார். அம்மாவால் எழுந்து போக முடியாது, அவரால் முடியும். போனார்.

அம்மா போன பிறகு வீட்டில் இருந்த சத்தம் தம்பியின் கிட்டார் மட்டும்தான். அவனும் மூன்று நண்பர்களும் குழுவாகச் சேர்ந்தார்கள். தம்பி பாடுவான், கிட்டாரும் வாசிப்பான். இன்னும் ஒரு கிட்டார்காரன், ஒரு கீபோர்டுக்காரன், டிரம்ஸுக்கு இடி. இடி என்பது பட்டப்பெயர். அவன் தட்டுவதைக் கேட்டவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

பதிவுக் கருவி இல்லத்திலிருந்து வந்தது. பக்கவாதம் வந்தவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வாங்கினார்கள். பயிற்சி கொடுக்க வந்தவர் மூன்றே மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார். கருவி அலமாரியில் தூசி தின்றது. மேற்பார்வையாளர், "வேணும்னா எடுத்துட்டுப் போம்மா. இல்லன்னா அடுத்த வாரம் குப்பைக்குத்தான்" என்றார். கையளவுப் பெட்டி. இரண்டு மைக் செருகலாம், அவ்வளவுதான். மைக் இரண்டும் பழைய சாமான் கடையில் வாங்கியவை. ஸ்டாண்டும் வார்டின் கழிவுதான்: குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிடும் கம்பி. உயரம் ஏற்றலாம், இறக்கலாம், உச்சியில் இரண்டு கொக்கி. கொக்கிக்கு ஒரு மைக். இதைவிடத் தோதான பொருளை எந்தக் கம்பெனிக்காரனும் செய்துவிட முடியாது. ஒரே குறை, அடியில் ஐந்து சக்கரம், அதில் ஒன்று அழும். பழைய ரப்பர் செருப்பை ஐந்து துண்டாக வெட்டி, சக்கரத்துக்கு ஒன்றாக முட்டுக் கொடுத்தாள். பாடுபவர்களின் மூச்சு 'புஸ்' என்று மைக்கில் அடிக்காமலிருக்கப் புதுக் கம்பளிக் காலுறை மாட்டினாள்.

முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு இடி, "அக்கா, இது மைக்கா, இல்ல மூட்டுவலிக்காரங்க காலா?" என்றான்.

"காலுதான். நீ தட்டுற தட்டுக்கு அதுக்கும் வலி வரும். டிரம் மேல ஒரு துண்டைப் போடு."

"துண்டு போட்டா இடி எப்படி இடிக்கும்?"

"தூரத்துல இடிக்கும். அதுதான் கேக்க நல்லா இருக்கும்."

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லாம் அவளே தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்தது. கூடத்துக்குள் நுழைந்ததும் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, கையைத் தட்டிக்கொண்டே நடப்பாள். கைத்தட்டு எங்கே பளிச்சென்று திரும்பி வராமல் அமுங்கி விழுகிறதோ அங்கே ஸ்டாண்ட். மைக் இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. பின்சுவரில் வார்டின் பழைய போர்வை நான்கைத் தொங்கவிடுவாள். எதிரொலி பாதி அடங்கிவிடும். சத்தத்தின் அளவை ஒத்திகையில் பார்த்து வைக்கும்போது எப்போதும் கொஞ்சம் குறைத்தே வைப்பாள். ஒத்திகையில் இடி பூப்போலத் தட்டுவான். கூட்டத்தைப் பார்த்தால் பேய்போலத் தட்டுவான். ஜுரம் மாதிரி அது, சாயங்காலம் ஏறத்தான் செய்யும் என்று தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு காபிக் கடையில் பதிவு செய்தபோது அங்கிருந்த குளிர்சாதனப் பெட்டி 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே இருந்தது. பிளக்கைப் பிடுங்கினாள். திரும்பச் செருக மறந்தால் கடைக்காரரின் பாலெல்லாம் கெடும். அதனால் தன் வீட்டுச் சாவியை எடுத்து அந்தப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது, சாவியை எடுக்கப் போனால் பிளக் ஞாபகம் வரும். அதற்குப் பிறகு எங்கே பெட்டி இருந்தாலும் இதுதான் வழக்கம். அன்றைக்குச் சாவி சில்லென்று இருந்தால் பதிவு சுத்தமாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

இப்படியே போயிருந்தால் இது ஒரு பொழுதுபோக்கு. ஒரு பெண்மணி குறுக்கே வந்ததால்தான் ஆசை முளைத்தது.

மூன்றாம் படுக்கை அம்மாளின் மகள் ஒரு பெரிய ஒலிப்பதிவுக் கூடத்தில் தலைமை. வார்டில் எல்லாரும் மேடம் என்பார்கள். ஒருநாள் பார்வை நேரத்தில் வந்தவர், பணி முடிந்து வராந்தாவில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்து, "என்ன கேக்கிறீங்க?" என்றார். அக்கா கழற்றிக் கொடுத்தாள். மேடம் மாட்டிக்கொண்டார். ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, "எத்தனை மைக்?" என்றார்.

"ரெண்டு."

"ரெண்டா? டிரம்ஸுக்குத் தனியா இல்லையா?"

"இல்லீங்க. டிரம்ஸுக்குத் துண்டு."

மேடம் சிரித்தார். சிரித்து முடித்ததும் வேலை பேசும் குரலுக்கு மாறினார். "எங்க கூடத்துல உதவியாளர் இடம் ஒண்ணு வரப்போகுது. படிச்சவன் பத்துப் பேர் வருவான், ஆனா இப்படிக் கேக்கத் தெரிஞ்சவன் வர மாட்டான். எனக்கு மேல இருக்கிறவங்களுக்குக் காட்ட ஒரு காகிதம் வேணும். வெளியான சிடி ஒண்ணு, ஒலிப்பதிவுன்னு போட்டு உங்க பேரோட. அதைக் கொண்டு வாங்க, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன். உங்க பேரு என்ன?"

அக்கா சற்றுத் திகைத்தாள். அந்தக் கட்டடத்தில் பதினாறு படுக்கைக்கும், சமையலறைக்கும், வண்டி ஓட்டுபவருக்கும் அவள் அக்காதான். தம்பியின் குழுவிலும் அக்காதான். பெயரைக் கேட்ட மனிதர் வந்து எத்தனை காலமாயிற்று! சொன்னாள். மேடம் ஒரு சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டார்.

நாற்பத்தாறு வயதில், இடுப்பு ஒடியும் வேலையை விட்டுவிட்டு, உட்கார்ந்து கேட்கும் வேலை. அக்கா அன்றே தம்பியிடம் சொன்னாள்.

"சூப்பர் அக்கா! நாங்களும் சிடி போடணும்னுதான் பேசிட்டிருக்கோம்" என்றான் அவன். "ஆனா ஸ்டுடியோல ஒரு நாள் வாடகைக்கு எங்க நாலு பேரையும் வித்தாலும் பத்தாது."

"இடியை எடைக்குப் போட்டா கொஞ்சம் தேறும்" என்றாள் அக்கா.

"நீ மேடைலயே பதிவு பண்ணு. மூணு ஞாயித்துக்கிழமை சாயங்காலம், ஒரே கூடம், அதே பத்துப் பாட்டு. எது நல்லா வருதோ அதைப் போடுவோம்."

"அட்டைல எம் பேரு வரணும்டா."

"வராம? உன் பேரு இல்லாம யாரு பேரு?"

கூடம் ஒரு தொழிற்சங்கத்துடையது. பின்வரிசைக்கும் மேடை தெரியட்டும் என்று தரையைச் சரிவாகக் கட்டியிருந்தார்கள். அக்காவுக்குத் துடைப்ப அறை.

முதல் ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்க வைத்தும் பலனில்லை. கூட்டமும் இல்லை. காலி நாற்காலியைப் பார்த்துப் பாடினால் குரல் காலியாகத்தான் வரும்.

இரண்டாம் ஞாயிற்றுக்கிழமைக்கு அக்கா ஒரு வேலை செய்தாள். மேற்பார்வையாளரிடம் அனுமதி வாங்கி, இல்லத்து வண்டியில் பதினாறு படுக்கையையும் அழைத்து வந்து முன்வரிசைகளில் உட்கார வைத்தாள். தம்பி முகம் சுளித்தான்.

"அக்கா, இவங்க இருமுவாங்களே!"

"இருமினா உயிரோட இருக்காங்கன்னு அர்த்தம். போன வாரம் நாற்காலிங்க ஒண்ணுகூட இருமலை, நீ என்ன கிழிச்ச?"

எல்லாம் தயார். ஸ்டாண்ட் சரியான இடத்தில், செருப்புத் துண்டு முட்டுக் கொடுத்து நின்றது. கதவைச் சாத்தப் போகுமுன் வார்டில் பார்ப்பதுபோல ஒருமுறை தலைகளை எண்ணினாள். எட்டாம் படுக்கை ஐயாவின் சக்கர நாற்காலி இருந்த இடத்தில் இல்லை. அரை முழம் முன்னால் இருந்தது. பிரேக் தளர்ந்துவிட்டது. தரையோ சரிவு.

"என்னம்மா, வண்டி தானா போகுது! நான் கியர்கூடப் போடலையே" என்றார் ஐயா.

சுற்றுமுற்றும் பார்த்தாள். செங்கல் இல்லை, கட்டை இல்லை. பாட்டு தொடங்க ஒரு நிமிடம்தான் இருந்தது. அக்கா குனிந்து ஸ்டாண்டின் சக்கரத்திலிருந்து இரண்டு செருப்புத் துண்டை உருவி, ஐயாவின் வண்டிக்கு முட்டுக் கொடுத்தாள். ஸ்டாண்ட் நகர்ந்தால் பாட்டு கெடும். வண்டி நகர்ந்தால் மனிதர் விழுவார். இதில் யோசிக்க அவளுக்குப் படிப்பு இடம் கொடுக்கவில்லை. முறையாக ஒலிப்பதிவு படித்தவர் எவரும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்.

அன்று தம்பி பாடினான். எதிரே பதினாறு கிழங்கள், யாரும் விசில் அடிக்கவில்லை, யாரும் எழுந்து ஆடவில்லை, கேட்டார்கள், அவ்வளவுதான். அவனும் யாரை மயக்குவது என்று தெரியாமல், பாட்டை மட்டும் பாடினான். துடைப்ப அறையில் வாளி மேல் உட்கார்ந்திருந்த அக்கா ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். ஆறாவது பாட்டு, மெதுவான பாட்டு, அம்மா படுத்திருந்த காலத்தில் அவன் எழுதியது. அதன் கடைசி அடியை ஒரே மூச்சில் பாட வேண்டும். எப்போதும் பாதியில் மூச்சு தீர்ந்து திருட்டுத்தனமாக ஒரு சொட்டு இழுப்பான். அன்று முக்கால்வாசி வந்துவிட்டான். அந்த நேரத்தில், இடி கடைசியாக ஓங்கி மிதித்த மிதியில், முட்டு இழந்த ஸ்டாண்ட் ஒரு விரற்கடை சரிந்தது. அழும் சக்கரம் அழுதது.

கீச்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது என்பார்கள். உடையவில்லை; விரிசல் விட்டது. அக்காவுக்கு அது போதும். தாழி யார் கையில் போய்ச் சேரும் என்று அந்த விரிசல்தான் தீர்மானித்தது.

மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை தம்பி தன் சிநேகிதர்களைக் கூட்டி வந்தான். கூடம் நிறைந்தது. அவன் பாட்டுக்கு நடுவே பேசினான், கத்தினான், கூட்டத்தையே பாடச் சொன்னான். ஒரு பாட்டும் தேறவில்லை. அக்காவிடம் இருந்தது ஒரே ஒரு மெமரி கார்டு. முந்தைய வாரப் பதிவைத் தம்பியின் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, கார்டைத் துடைத்து, அதிலேதான் இந்தக் கூச்சலைப் பிடித்தாள். ஆக, இரண்டாம் ஞாயிறு தம்பியிடம் மட்டும் இருந்தது. பதிவின் தொடக்கத்தில் அவள் குரலும் இருந்தது. வார்டில் பணி மாறும்போது சொல்கிற தோரணையில் தேதி, இடம், யார் பதிவு செய்வது என்று மூன்று வரி சொல்லித்தான் எப்போதும் தொடங்குவாள்.

"ரெண்டாவது வாரம்தான் அக்கா" என்றான் தம்பி, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. "ஆனா அந்தக் கீச்சு. அப்புறம் இருமல். ஒருத்தர் தெரியும், அவர்கிட்ட சாஃப்ட்வேர் இருக்கு, எல்லாத்தையும் துடைச்சு எடுத்துடுவாராம்."

"காசு?"

"கேக்கவே இல்லை அக்கா. நல்ல மனுஷன்."

அக்கா அதோடு விட்டாள். இருபது வருடம் மருந்துச் சீட்டு படித்தவளுக்கு, காசு கேட்காமல் ஒருவர் வேலை செய்கிறார் என்றால் என்ன கேட்டார் என்று கேட்கத் தோன்றியிருக்க வேண்டும். தம்பி விஷயத்தில் தோன்றவில்லை.

மூன்று மாதம் கழித்துக் குறுந்தகடு வந்தது. தம்பி ஒன்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசை மேல் வைத்தான். நல்ல அட்டை. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தைத் திருப்பினாள். குழுவின் நாலு பேர். கூடத்தின் பெயர். 'ஒலிப்பதிவும் செப்பமும்' என்று போட்டு ஒரு பெயர், அவள் பெயரல்ல.

"எம் பேரு எங்கடா?"

"இதோ இருக்கே." விரல் வைத்துக் காட்டினான். கடைசி வரி, எல்லாவற்றையும்விடச் சின்ன எழுத்து. *அன்புக்கும் தேநீருக்கும் நன்றி: அக்கா.*

ஒவ்வொரு ஞாயிறும் ஃபிளாஸ்க்கில் தேநீர் கொண்டுபோனது உண்மைதான். நன்றாகவே போட்டிருந்தாள்.

"ஒலிப்பதிவுன்னு அவர் பேரு போட்டிருக்கு."

"அது... அவர் கூலி வாங்கலை அக்கா. பேர் மட்டும் போட்டாப் போதும்னாரு. 'செப்பம்'னு மட்டும் போடலாம்னேன், 'ரெண்டையும் சேத்துப் போட்டாத்தான் எனக்குப் பிரயோஜனம்'னாரு. காசா கேட்டிருந்தா எங்களால முடியாது. நீதான் பாத்தியே எங்க நெலமையை."

"சரி. காசு இல்லை, அதனால எம் பேரைக் குடுத்துட்ட."

"அப்படிச் சொல்லாதக்கா. நீ வீட்டு ஆளு. வீட்டுக்குள்ள என்ன பேரு வேண்டியிருக்கு?"

"அந்த மேடம் சொன்னதை உன்கிட்ட சொன்னேனா இல்லையா?"

"சொன்ன. ஆனா அது இவ்வளவு சீரியஸ்னு நெனைக்கலை. உனக்குத்தான் ஏற்கெனவே வேலை இருக்கே!"

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். படையே தம்பி வேஷத்தில் வந்து மேசைக்கு எதிரே உட்கார்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி வைக்கவில்லை. அக்கா தட்டை எடுத்துக் கழுவப் போனாள். அவனுடைய தட்டை அப்படியே விட்டாள். அம்மா போன பதினெட்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. அவன் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் வார்டில் பெயர் போன கதையைச் சொல்லி, குறுந்தகட்டைப் போட்டுக் காட்டினாள். தொடக்கத்தில் அவள் சொல்லும் மூன்று வரியும் அதில் இல்லை, வெட்டியிருந்தார்கள். பதினாறு பேரும் கேட்டார்கள். பாட்டு முடிந்ததும் ஆயிரம் பேர் கைதட்டினார்கள். எட்டாம் படுக்கை ஐயா நெற்றியைச் சுருக்கினார்.

"யாரும்மா இவனுங்க எல்லாம்?"

"விலைக்கு வாங்கின கைதட்டு, ஐயா."

"அன்னிக்கு நாம பதினாறு பேருதானே இருந்தோம்? நான் ரெண்டு மணி நேரம் இருமினேன். ஒண்ணுகூடக் காணோமே! தொண்டை வலிக்க இருமினது எல்லாம் வீணாப் போச்சா?"

"வீணாத்தான் போச்சு."

"உன்னைத் தூக்கினவன்தான் என்னையும் தூக்கியிருப்பான்" என்றார் ஐயா. முப்பது வருடம் பின்கண்ணாடியைப் பார்த்து ஓட்டியவர்.

ஆறாவது பாட்டு வந்தது. கடைசி அடி. அங்கே, தம்பியின் குரலுக்கு அடியிலேயே, கீச். குரலும் கீச்சும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததால் துடைக்க முடியாமல் விட்டிருந்தார்கள். அக்கா எழுந்து நின்றாள். சான்று இருக்கிறது. அவள் கையால் நேர்ந்த பிழை, வேறு யாரும் செய்ய முடியாத பிழை.

அந்த வாரமே ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனாள். மேடம் உட்காரச் சொன்னார். அக்கா குறுந்தகட்டை மேசையில் வைத்து, பெயர் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். ஆறாவது பாட்டைப் போடச் சொன்னாள்.

"இப்ப ஒரு சத்தம் வரும் பாருங்க. அது குளுக்கோஸ் ஸ்டாண்டோட சக்கரம். அஞ்சு சக்கரத்துல ரெண்டுக்கு முட்டு இல்லை; எடுத்து ஒரு பேஷண்ட்டோட வண்டிக்கு வெச்சேன். தரை மேடைப் பக்கமாச் சரிவு, ஸ்டாண்ட் நகரும்போது லேசாத் திரும்பிடுச்சு. அதனால இங்கேர்ந்து பாட்டு ஒரு நூல் இடது பக்கம் ஒதுங்கும். கேட்டுப் பாருங்க."

மேடம் கேட்டார். திரும்பவும் கேட்டார். ஹெட்போனைக் கழற்றி வைத்தார். அவசரமில்லாமல் இழுப்பறையைத் திறந்து அதே குறுந்தகட்டின் இன்னொரு பிரதியை எடுத்து, இதன் பக்கத்தில் வைத்தார்.

"அச்சுலேர்ந்து வந்த முதல் பிரதின்னு மூணு வாரம் முன்னாலயே ஒருத்தர் கொண்டு வந்து குடுத்தார். இந்தக் கீச்சு என்னன்னு நான் கேட்டேன். நாற்காலி சத்தம்னார். நாற்காலி நகந்தா பாட்டு ஏன் ஒதுங்குதுன்னு எனக்கு அப்பவே இடிச்சது."

"அப்புறம்?"

"அட்டைல பேர் இருந்தது. என்கிட்ட உங்க சீட்டும் இருந்தது." அதே இழுப்பறையில்தான் கிடந்தது, எடுத்தும் காட்டினார். "ரெண்டையும் மேல அனுப்ப முடியாது. காகிதம் இருக்கிறவருக்கு ஆர்டர் போட்டாச்சு. அவர் வேலைக்குச் சேந்து பத்து நாளாச்சு."

"நான் சொல்றதை நம்புறீங்களா?"

"முழுசா நம்புறேன்" என்றார் மேடம். "அதனாலதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

நம்பிக்கை இருந்தது, கஷ்டமும் இருந்தது, இடம் இல்லை. அக்கா பையை எடுத்தாள்.

வெளியே நடையில், கழுத்தில் ஹெட்போன் மாட்டிய ஒருவர் எதிரே வந்தார். முப்பது வயது இருக்கும். முகத்தில் கள்ளத்தனம் எதுவும் இல்லை; நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறவர் போலத்தான் இருந்தார். தம்பியின் கைப்பேசியில் அவளைப் பார்த்திருக்க வேண்டும்.

"அக்கா! நீங்களா? தம்பி உங்க டீயைப் பத்திச் சொல்லிட்டே இருப்பாரு." குரலைத் தாழ்த்தினார். "நல்ல வேளை பாத்தேன். ஒரு சின்ன சந்தேகம். அன்னிக்கு அந்த மைக் ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி வெச்சீங்க? இங்கே கேக்கிறாங்க. அதே மாதிரி இன்னொண்ணு பண்ணணுமாம்."

"ஒரு சாண்."

"சாண்னா, எவ்வளவு? யார் சாண்?"

அக்கா வலக்கையை விரித்துக் காட்டினாள். தூக்கித் தூக்கி முட்டி பருத்த கை. அவர் அளக்கக் குனிவதற்குள் அதைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"என் சாண்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

அதற்கடுத்த மாதம் தம்பியின் குழுவுக்கு அதே கூடத்தில் மறுபடி கச்சேரி. குறுந்தகடு கொஞ்சம் பேசப்பட்டிருந்தது. "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வந்துடு அக்கா" என்று வார்டுக்குப் போன் போட்டுச் சொன்னான். எதற்கு என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வருகிறேன் என்றாள்.

போனாள். ஃபிளாஸ்க் இல்லை, போர்வை இல்லை. வாசலில் வரிசையில் நின்று சீட்டு வாங்கி, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தாள். ஏழு வருடத்தில் முதல் தடவையாக அவர்களைப் பார்த்தாள். இடி வாசிக்கும்போது நாக்கைக் கடித்துக்கொள்கிறான். தம்பி மேல் சுரத்துக்குப் போகும்போது குதிகாலில் எக்குகிறான், அலமாரி மேல் இருக்கும் டப்பாவை எடுக்கிற பிள்ளை மாதிரி. விழ ஆரம்பித்திருந்த முன்னந்தலை வழுக்கை மேடை விளக்கில் பளபளக்கிறது. துடைப்ப அறையில் அதெல்லாம் கேட்டதில்லை.

தொடங்குவதற்கு முன் பழக்கதோஷத்தில் அவன் துடைப்ப அறைக் கதவைப் பார்த்து மைக்கில், "அக்கா, ரெடியா?" என்றான்.

"இங்க இருக்கேன்" என்றாள் அக்கா, மூன்றாம் வரிசையிலிருந்து.

அவன் தேடிக் கண்டுபிடித்தான். மேடைக்கு முன்னாலிருந்த வெற்றுத் தரையையும் பார்த்தான். "ஸ்டாண்ட் எங்கக்கா?"

"வார்டுல. எட்டாம் படுக்கைக்கு மருந்து ஏறுது."

கூட்டம் சிரித்தது; ஏதோ குடும்பத் தமாஷ் என்று நினைத்துக்கொண்டார்கள். தம்பியும் சிரித்தான், ஒரு நொடி தாமதமாக. பிறகு இடி குச்சியைத் தட்ட, பாட்டு தொடங்கிவிட்டது.

ஆறாவதாக அதே பாட்டு. கடைசி அடி வந்தது. அக்காவின் விரல்கள் மடியில் இல்லாத கருவியின் குமிழைத் தேடின; சேலைத் தலைப்பைப் பிடித்து அடக்கிக்கொண்டாள். தம்பி மூச்சை இழுத்தான். பாதி தாண்டினான். முக்கால் தாண்டினான். எக்கவில்லை, திருடவில்லை. முழு அடியையும் ஒரே மூச்சில், ஒரு பிசிறில்லாமல் கொண்டுபோய் முடித்து வைத்தான். எழுதிய நாளிலிருந்து அந்தப் பாட்டை அவன் அப்படிப் பாடியதில்லை. சக்கரம் அழவில்லை. யாரும் இருமவில்லை. அவ்வளவு பெரிய கூடத்தில் ஒரு மைக் கூட அதைப் பிடித்து வைக்கவில்லை.

கைதட்டல் நிஜமாகவே இருந்தது. அவன் கூட்டத்தைப் பார்க்கவில்லை. வேர்வை வழியும் முகத்தோடு மூன்றாம் வரிசையைப் பார்த்தான். வாய் தானாகத்தான் கேட்டிருக்க வேண்டும், மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"வந்துச்சா அக்கா?"

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். ஆறு மணிக்கு எட்டாம் படுக்கையின் பாட்டிலை மாற்ற வேண்டும். சாயங்காலப் பணியில் இருப்பவளுக்கு அந்தச் சக்கரத்தின் குணம் தெரியாது.

"போச்சுடா" என்றாள்.